உள்ளங்கையில் அடங்கும் லேசர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த எட்டு மாதங்களாக எங்கள் ஒளியிழை உணர்வி ஆய்வகத்தில், அலைநீளத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளத்தக்க குறைக்கடத்தி லேசர் ஒன்று ஏறக்குறைய இடைவிடாமல் இயங்கி வருகிறது. இண்டியம் பாஸ்பைடால் ஆன ஒளிப்பெருக்கச் சிப்பையும் சிலிக்கான் நைட்ரைடால் ஆன அலைவழிச் சிப்பையும் முகத்தோடு முகம் பொருத்தி ஒட்டி, 14 கால்கள் கொண்ட பட்டாம்பூச்சி உறைக்குள் அடைத்து, அதனைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையோடு சேர்த்து விற்கப்படும் கலப்பு வகை லேசர் இது. பலகையோடு சேர்த்தே உள்ளங்கையில் அடங்கிவிடும். உற்பத்தியாளரின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி; அதில் கண்ட குறையை ஒரு நிறுவனத்தின் மீது ஏற்றுவது முறையாகாது. மேலும், நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகை லேசர்கள் அனைத்துக்கும் பொதுவானவை என்பதால், பெயரைவிட வகையைப் புரிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

எங்களுக்கு இரண்டு வேலைகளுக்காக ஒரு லேசர் தேவைப்பட்டது. முதலாவது, நீண்ட ஒளியிழை நெடுக ஏற்படும் அதிர்வுகளைக் கண்டறிவது. இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் சிதறித் திரும்பும் ஒளியின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறையில், லேசர் தன் அதிர்வெண்ணில் அசையாமல் நிற்பதே முழுமுதல் தேவை. இரண்டாவது, குறுகிய இழைகளிலும் சிறிய ஒளிச்சுற்றுகளிலும் எந்த இடத்திலிருந்து ஒளி எதிரொளித்துத் திரும்புகிறது என்பதை மில்லிமீட்டர் நுட்பத்தில் காண்பது. இதற்கு லேசர் அசையாமல் நிற்கக் கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடையறாமல், தாவாமல், அலைநீளத்தை நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். ஒரே கருவி இவ்விரண்டையும் செய்யும் என்று நம்பித்தான் வாங்கினோம். முதல் வேலையை எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்கிறது. இரண்டாவதில் எங்களை நிறைய உழைக்க வைத்தது, இன்றும் முழு நிறைவைத் தரவில்லை.

அதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது மேசைமேல் வைக்கும் பழைய வகை லேசர். ஒளிப்பெருக்கச் சிப்பிலிருந்து வரும் ஒளி ஒரு விளிம்புவிளைவுக் கீற்றணியில் பட்டுத் திரும்பும். மோட்டாரால் கண்ணாடியையோ கீற்றணியையோ திருப்பினால் அலைநீளம் மாறும். நல்ல கருவிதான். ஆனால் நகரும் உறுப்புகள் உள்ளதால், மேசையில் யாரேனும் ஒரு திருகாணிப் பெட்டியை வைத்தால்கூட அந்த அதிர்வு அளவீட்டில் தெரியும். களத்துக்கு எடுத்துச் செல்வது பற்றி நினைத்துப் பார்க்கவே இயலாது.

புதிய லேசருக்குள் நகரும் உறுப்பு ஏதும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள இண்டியம் பாஸ்பைடு சிப்பின் ஒரு முகம் ஒளியைப் பெருமளவு எதிரொளிக்கும்படி பூசப்பட்டிருக்கிறது. மறுமுகம் எதிரொளிப்பே இராதபடி பூசப்பட்டு, அலைவழியும் அந்த முகத்தை நேராகச் சந்திக்காமல் சாய்வாகச் சென்று சேர்கிறது. அங்கிருந்து ஒளி நைட்ரைடு சிப்புக்குள் நுழைகிறது. அங்கே சற்றே வேறுபட்ட சுற்றளவு கொண்ட இரண்டு நுண்வளையங்கள் காத்திருக்கின்றன. இரண்டு வளையங்களுக்கும் ஒருசேர இசைவான அலைநீளம் மட்டுமே திரும்பிவர அனுமதிக்கப்படுகிறது. மற்றவை வழியிலேயே கழிந்துபோகின்றன. வளையங்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய உலோகச் சூடேற்றி. ஒளியின் கட்டத்தைச் சரிசெய்யும் நேரான பகுதியின் மேல் இன்னொரு சூடேற்றி. எவ்வளவு ஒளியை வெளியே விடுவது என்பதை முடிவுசெய்யும் இணைப்பியின் மேல் நான்காவது. இந்த நான்கு சூடேற்றிகளும் பெருக்கச் சிப்புக்கான மின்னோட்டமும் அடிப்பகுதி வெப்பநிலையும் ஆக ஆறு கைப்பிடிகளைக் கொண்டுதான் இந்த லேசர் இயக்கப்படுகிறது.

வளையங்கள் இரண்டு ஏன் என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைக் கையாண்ட எவரும் எளிதில் உணர்ந்துகொள்ளலாம். முதன்மை அளவுகோலின் கோடுகளும் வெர்னியர் கோடுகளும் ஓரிடத்தில் மட்டுமே நேர்கோட்டில் சேரும். சிறு நகர்வு அந்தச் சேர்க்கை இடத்தைப் பெரிதாக இடம்பெயர்க்கும். ஒரு வளையம் 1.60 நானோமீட்டருக்கு ஒருமுறையும் மற்றது 1.64 நானோமீட்டருக்கு ஒருமுறையும் இசைவதாகக் கொள்வோம். இரண்டும் ஒருங்கே இசையும் அலைநீளங்களுக்கு இடையிலான தொலைவு 1.60ஐயும் 1.64ஐயும் பெருக்கி, அவற்றின் வேறுபாடான 0.04ஆல் வகுத்தால் கிடைக்கும் 65.6 நானோமீட்டர். தொலைத்தொடர்புக்குப் பயன்படும் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான பட்டை முழுவதையும் தாண்டிய வீச்சு இது. ஒரு வளையத்தைச் சில பத்து டிகிரி சூடாக்குவதன் மூலமே இந்தப் பெரிய வீச்சு முழுவதையும் எட்ட முடிகிறது என்பது, பல ஆண்டுகள் மோட்டார்களோடு மல்லுக்கட்டிய எனக்கு இன்றும் வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது.

ஆனால் இந்த வகையின் உண்மையான பெருமை வீச்சில் இல்லை. ஒளியின் தூய்மையில் இருக்கிறது. எந்த லேசரும் ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஒளிர்வதில்லை. தன்னியல்பாக உமிழப்படும் ஒளித்துகள்கள் கட்டத்தைச் சற்றே தள்ளிவிடுவதால் நிறமாலை வரிக்கு ஓர் அகலம் வந்துவிடுகிறது. ஷாலோவும் டவுன்சும் 1958இல் வகுத்த இந்த அகலம், குறைக்கடத்தி லேசர்களில் இன்னும் கூடுதலாக இருப்பதன் காரணத்தை 1982இல் சார்லஸ் ஹென்றி விளக்கினார்: மின்துகள்களின் எண்ணிக்கை மாறும்போது ஒளிப்பெருக்கம் மட்டுமன்றி ஒளிவிலகல் எண்ணும் சேர்ந்தே மாறுகிறது. சாதாரணத் தொலைத்தொடர்பு லேசர் டயோடின் வரியகலம் மெகாஹெர்ட்ஸ் அளவில் அமைவது இதனால்தான். ஒளி முன்னும் பின்னும் சென்று திரும்பும் பாதையைக் குழி என்பர்; ஒளியை அந்தக் குழிக்குள் நீண்ட நேரம் தங்கவைத்தால் அகலம் வேகமாகச் சுருங்கும். குறைக்கடத்திக்குள் ஒளி விரைவாக உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் அங்கே குழியை நீட்டிப் பயனில்லை. சிலிக்கான் நைட்ரைடிலோ ஒளியிழப்பு மிகமிகக் குறைவு; சிலிக்கானைப் போல, ஒளியின் செறிவு கூடும்போது இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர விழுங்கும் தொல்லையும் 1550 நானோமீட்டர் பகுதியில் அதற்கு இல்லை. ஆக, ஒளியை உண்டாக்கும் வேலையை இண்டியம் பாஸ்பைடுக்கும், அதை நெடுநேரம் சுழலவைக்கும் வேலையை நைட்ரைடுக்கும் பிரித்துக் கொடுத்ததே இந்த வடிவமைப்பின் அறிவு.

நெதர்லாந்தின் என்ஸ்கடே நகரில் உள்ள ட்வெண்ட்டே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு இந்த வழியில் நடந்த நடை, படிப்படியாகப் பார்த்தால் மலைக்க வைப்பது. அதே ஊரைச் சேர்ந்த லயோனிக்ஸ் நிறுவனத்தின் நைட்ரைடு அலைவழிகளைக் கொண்டு, 2013இல் 25 கிலோஹெர்ட்ஸ் வரியகலத்தையும், 2017இல் 290 ஹெர்ட்ஸையும், 2020இல் 40 ஹெர்ட்ஸையும் அவர்கள் எட்டினர். அந்தக் கடைசி லேசரில் ஒளி ஒருமுறை சென்று திரும்பும் பாதையின் ஒளியியல் நீளம் அரை மீட்டர்; அதையும் ஒரு சிப்பின் மேல் சுருட்டி வைத்து, 70 நானோமீட்டருக்கு மேல் அலைநீள வீச்சையும் 23 மில்லிவாட் திறனையும் பெற்றார்கள். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில், டயோடு லேசர் ஒன்றை மிகக் குறைந்த இழப்புள்ள நைட்ரைடு ஒத்ததிர்வியோடு (தனக்கு இசைவான ஒளியை நெடுநேரம் சுழலவைக்கும் அமைப்போடு) பூட்டி, 1.2 ஹெர்ட்ஸ் அளவுக்கு அடிப்படை வரியகலத்தைக் குறைத்துக் காட்டினர். கடையில் கிடைக்கும் கருவிகள் இந்தச் சாதனைகளின் அருகில் இல்லை. ஆனாலும் சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சில கிலோஹெர்ட்ஸ் வரையிலான வரியகலம் இன்று விலைக்கு வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது.

எங்கள் பிரதி வந்த முதல் வாரத்தில் நேர்ந்த ஒரு தவறு எங்களுடையது. அதை இங்கே பதிவுசெய்வது பிறருக்கு உதவும். செலவைக் குறைக்க எண்ணி, எதிர்த்திசை ஒளியைத் தடுக்கும் ஐசொலேட்டர் இல்லாத வடிவத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். ஆய்வக மாணவர் ஒருவர் சோதனைக்காகத் தட்டை முனை கொண்ட இணைப்பிழையை இடையில் பொருத்த, அதன் மறுமுனை காற்றில் திறந்து கிடந்தது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் தட்டை முகம் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்தச் சிறு அளவே போதுமானதாக இருந்தது: லேசர் இரண்டு மூன்று அதிர்வெண்களுக்கு இடையே தடுமாறியது, நாங்கள் இரண்டு நாட்கள் கட்டுப்பாட்டு நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தோம். சாய்முனை இணைப்பான்களை மட்டுமே பயன்படுத்துவதும், உறைக்கு உள்ளேயோ வெளியேயோ ஓர் ஐசொலேட்டரைக் கட்டாயம் வைப்பதும் இந்த வகை லேசருக்கு விருப்பத்தேர்வுகள் அல்ல, அடிப்படைத் தேவைகள். வாங்கும்போதே உள்ளே பொருத்தித் தரும்படி கேட்பதே சரியானது.

தடுமாற்றம் நீங்கியபின் நிறமாலைமானியில் கண்ட காட்சி மிகத் தூய்மையானது. குழிக்குள் ஒளி நிலைக்கக்கூடிய அதிர்வெண்கள் ஒவ்வொன்றும் ஒரு மோடு; பட்டை முழுவதும் வேண்டாத பக்க மோடுகள் முதன்மை மோடைவிட 50 டெசிபெல்லுக்கும் கீழேயே இருந்தன. இழையின் முனையில் நாங்கள் அளந்த திறன், பட்டையின் நடுவில் 16 மில்லிவாட்; ஓரங்களில் 12 மில்லிவாட்டுக்குக் குறையவில்லை. எங்கள் வேலைக்கு இது தாராளம்.

வரியகலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் விவரத்தாளில் மிகப் பெரிதாக அச்சிடப்படும் எண்ணும் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண்ணும் அதுவே. எங்கள் பிரதியின் விவரத்தாள் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைவு என்றது. இதைச் சோதிக்க, லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீண்ட இழையில் தாமதப்படுத்தி மற்ற பாதியோடு கலக்கும் வழக்கமான முறையை முதலில் முயன்றோம். எங்களிடம் இருந்தது 25 கிலோமீட்டர் இழைச்சுருள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோவினாடி வீதம் அது தரும் தாமதம் 125 மைக்ரோவினாடி. அதன் தலைகீழ் 8 கிலோஹெர்ட்ஸ். ஒரு கிலோஹெர்ட்ஸை அளக்க இந்த முழம் போதாது என்பது வெளிப்படை. எனவே அதிர்வெண் இரைச்சலின் நிறமாலையையே நேரடியாக அளந்தோம். இரைச்சல் தட்டையாகும் உயர் அதிர்வெண் பகுதியின் மட்டத்தை π (பை) என்னும் மாறிலியால் பெருக்கினால் அடிப்படை வரியகலம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸ். விவரத்தாள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அது முழு உண்மையையும் சொல்லவில்லை. அதே நிறமாலையின் தாழ் அதிர்வெண் பகுதியில் இரைச்சல் மலைபோல் எழுந்து நின்றது. நூறில் ஒரு வினாடி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் லேசரின் அதிர்வெண் சில பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு அலைந்தது. அடிப்படை வரியகலம் என்னும் எண் இந்த அலைச்சலைக் கணக்கில் கொள்வதே இல்லை. இந்த அலைச்சலின் பெரும்பகுதி சிப்பிலிருந்து பிறப்பதன்று. சூடேற்றிகளுக்கு மின்சாரம் தரும் சுற்றிலிருந்து வருகிறது. ஒரு வளையத்தை முழு இசைவு இடைவெளியான 200 கிகாஹெர்ட்ஸ் நகர்த்த 300 மில்லிவாட் தேவை என்று கொண்டால், ஒரு மைக்ரோவாட் ஏற்ற இறக்கமே வளையத்தின் இசைவை 0.7 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அசைத்துவிடும். லேசர் அந்த அசைவு முழுவதையும் பின்தொடராது என்றாலும் ஒரு பங்கையாவது பின்தொடரும். மின்வழங்கியின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் எங்கள் நிறமாலையில் வேலி முட்கள்போல் வரிசையாக நின்றன. கருவியோடு வந்த மின்வழங்கியை அகற்றிவிட்டு, இரைச்சல் குறைந்த நேரியல் மின்வழங்கிக்கு மாற்றிய அன்றே அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. இத்தனை தூய்மையான சிப்பைச் செய்துவிட்டு அதனோடு ஒரு மலிவான மின்வழங்கியை அனுப்பி வைத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

அந்த மாற்றத்துக்குப் பின் அதிர்வு கண்டறியும் வேலையில் இந்த லேசர் காட்டிய திறம் குறித்து எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு மெகாஹெர்ட்ஸ் வரியகலமுள்ள லேசரின் ஒளி, இழைக்குள் ஏறக்குறைய 65 மீட்டர் வரைதான் தன் கட்ட நினைவைத் தக்கவைக்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றால் அது 65 கிலோமீட்டர். எங்கள் 25 கிலோமீட்டர் சுருளின் கடைசி முனையில், குரல் தாழ்த்திப் பேசும்போது ஏற்படும் அதிர்வுகூடச் சமிக்ஞையில் தெளிவாகத் தெரிந்தது. பழைய மேசை லேசரில் நாங்கள் இதைக் கண்டதில்லை. பக்கத்து மேசையில் வேலை நடந்தாலும் கதவு அறைந்து சாத்தப்பட்டாலும் லேசர் அசைவதில்லை. எட்டு மாதங்களில் ஒருமுறையும் இந்த வேலையின் நடுவே மோடு தாவியதில்லை.

இனி நகர்த்தலுக்கு வருகிறேன். என் மனக்குறையெல்லாம் இங்கேதான்.

லேசர் எந்த அதிர்வெண்ணில் ஒளிரும் என்பதை முடிவுசெய்பவை இரண்டு: வளையங்கள் திறந்துவிடும் குறுகிய வாயில், குழியின் மொத்த நீளம் வகுக்கும் மோடுகளின் சீப்பு. வளையங்களை மட்டும் சூடாக்கினால் வாயில் நகரும். ஆனால் சீப்பு அதோடு சேர்ந்து நகராது. ஓரளவுக்கு மேல் வாயில் விலகிச் சென்றதும் லேசர் அடுத்த பல்லுக்குத் தாவிவிடும். தாவாமல் நகர வேண்டுமானால் இரண்டு வளையச் சூடேற்றிகளையும் கட்டச் சூடேற்றியையும் ஒரே தாளத்தில், சரியான விகிதத்தில், ஒருசேர நகர்த்த வேண்டும். தம்பூராவின் நான்கு தந்திகளையும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, சுருதி குலையாமல், ஒருங்கே மேலேற்றுவதைப் போன்ற வேலை இது. அதற்கு மேல் ஒரு சிக்கல்: ஒரு வளையத்தைச் சூடாக்கினால், சில நூறு மைக்ரோமீட்டர் தள்ளியிருக்கும் மற்ற வளையமும் சற்றே சூடாகும். ஆகவே ஒவ்வொரு சூடேற்றியும் மற்றவற்றை எவ்வளவு பாதிக்கிறது என்பதும் அளக்கப்பட்டு அட்டவணையில் ஏற வேண்டும்.

எங்களுக்கு வந்த அட்டவணையில் 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 88 புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளியின் எண்ணைக் கொடுத்தால் லேசர் அரை வினாடிக்குள் அங்கே சென்று நிற்கும். தொலைத்தொடர்புக்கு அது போதும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே எப்படிச் செல்வது என்பதற்கான விகிதங்களோ, ஒன்றையொன்று சூடாக்கும் அளவுகளோ அதில் இல்லை. விவரத்தாளில் "தொடர்ச்சியாக மாற்றத்தக்கது" என்று இருந்த சொல்லை நம்பி வாங்கிய நாங்கள், அந்த எண்களைப் பெற மூன்று வாரங்கள் மின்னஞ்சலில் காத்திருந்தோம். வந்த எண்களும் பட்டையின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தின. கடைசியில், ஹைட்ரஜன் சயனைடு வாயு அடைத்த குறிப்புக் குப்பியைப் பயன்படுத்தி நாங்களே அளந்தோம். 1527 முதல் 1563 நானோமீட்டர் வரை, இடம் துல்லியமாக அறியப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட உறிஞ்சல் வரிகளை அந்த வாயு தருகிறது. லேசர் எங்கே தாவியது, எங்கே தவறியது என்பதை அந்த வரிகளே காட்டிக்கொடுத்தன.

இவ்வளவுக்குப் பிறகு, தாவாமல் தொடர்ச்சியாக நகரும் வீச்சாக எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 20 கிகாஹெர்ட்ஸ். கட்டச் சூடேற்றி தன் எல்லையை எட்டியதும் அதனைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் ஓர் இடைவெளி விழுகிறது. எதிரொளிப்பு இடத்தைக் காணும் அளவீட்டில் எவ்வளவு வீச்சு நகர்கிறோமோ அவ்வளவுக்கு நுட்பம் கூடும். இழைக்குள் 20 கிகாஹெர்ட்ஸ் தரும் நுட்பம் 5 மில்லிமீட்டர். 40 நானோமீட்டர் முழுவதும் தாவாமல் சென்றால் அது 20 மைக்ரோமீட்டராகச் சுருங்கும். பழைய மோட்டார் லேசர் அதை ஒரே மூச்சில் செய்தது. துண்டு துண்டாக நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று சற்றே படியும்படி அமைத்து, பின்னர் கணக்கீட்டில் தைத்துச் சேர்க்கும் நிரல் ஒன்றை எழுதி, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டோம். ஆயினும் தையல் விழும் இடங்களில் போலி எதிரொளிப்புகள் தோன்றுகின்றன. அவற்றை உண்மையானவற்றிலிருந்து பிரித்தறிய இன்னும் கண்ணையும் அனுபவத்தையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

அட்டவணை காலப்போக்கில் மாறுவதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதத்தில் 88 புள்ளிகளில் 7 புள்ளிகள் அடுத்த மோடில் சென்று நின்றன. சூடேற்றி உலோகத்தின் மின்தடை மாறியிருக்கலாம், இரண்டு சிப்புகளுக்கு இடையிலான ஒட்டு சற்றே இறுகியிருக்கலாம். எங்கள் வசதிக்கு அதைப் பிரித்து அறிய இயலவில்லை. ஓர் இரவு முழுவதும் தானியங்கி நிரலை ஓடவிட்டு அட்டவணையைப் புதுப்பித்தோம். அதன்பின் மூன்று மாதங்களாகத் தவறில்லை. அலைநீளமானியோ வாயுக்குப்பியோ இல்லாத ஆய்வகம் இந்தப் பிழையைக் கண்டே இருக்காது, ஏனெனில் லேசர் தன் பலகையில் "சரி" என்றே காட்டிக்கொண்டிருந்தது.

வேகத்தைப் பொறுத்தவரை, வெப்பத்தால் நகர்த்தும் எந்த நைட்ரைடு லேசரும் மில்லிவினாடிக் கணக்கில்தான் நடக்கும். விரைவு வேண்டுவோர் வேறு திசையில் பார்க்க வேண்டும். நைட்ரைடின் மேல் அழுத்தமின் படலம் (மின்னழுத்தம் தந்தால் சற்றே சுருங்கி விரியும் பொருள்) பூசி, வெப்பமின்றி இறுக்கத்தால் நகர்த்தும் முறை வந்திருக்கிறது; அதன் மின்செலவும் மிகக் குறைவு. மின்னழுத்தத்தால் ஒளிவிலகல் எண் உடனுக்குடன் மாறும் லித்தியம் நையோபேட்டைக் கொண்டு, 2022இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் வினாடிக்கு 2 எக்சாஹெர்ட்ஸ் (2ஐத் தொடர்ந்து 18 சுழிகள் கொண்ட ஹெர்ட்ஸ்) வேகத்தில் நகரும் லேசரைச் செய்து காட்டினர். 2023இல் லோசானில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் சூரிச்சின் ஐபிஎம் ஆய்வகமும் சேர்ந்து, நைட்ரைடின் மேல் லித்தியம் நையோபேட்டைப் பதித்து, கிலோஹெர்ட்ஸ் வரியகலத்தைக் கைவிடாமலேயே வினாடிக்கு 12 பெட்டாஹெர்ட்ஸ் (ஒரு பெட்டாஹெர்ட்ஸ் என்பது எக்சாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேகத்தை எட்டின. எங்கள் இரண்டாவது வேலைக்கு வருங்காலத்தில் விடை அங்கிருந்துதான் வரும் என்று நம்புகிறேன்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாக: நைட்ரைடு வளையங்கள் ஒரு டிகிரிக்கு நகரும் அளவு, சாதாரண இண்டியம் பாஸ்பைடு லேசர் நகரும் 0.1 நானோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. கோடையில் குளிரூட்டி நின்றுபோன ஒரு பிற்பகலில் அறை 9 டிகிரி சூடேறியும் லேசர் தன் மோடை விட்டு விலகவில்லை. உறைக்குக் கீழே வெப்பம் கடத்தும் பசையும் கனமான அலுமினியத் தகடும் வைத்திருந்தோம். அவை இல்லாமல் இயக்கக் கூடாது.

வாங்க எண்ணுவோர் இதனோடு ஒப்பிட வேண்டிய மற்றொரு பொருள், தொலைத்தொடர்புத் துறைக்கெனப் பெருமளவில் உற்பத்தியாகும் ஐடிஎல்ஏ எனப்படும் தரப்படுத்தப்பட்ட லேசர் தொகுதி. கால்களின் அமைப்பும் கட்டளைகளும் பொதுவாக வகுக்கப்பட்டிருப்பதால் ஒரு நிறுவனத்தின் தொகுதியைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தலாம், விலையும் குறைவு, வரியகலம் 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அவற்றுள் சில தம்மை வகுக்கப்பட்ட அலைநீளப் புள்ளிகளில் நிலைநிறுத்திக்கொள்ள அதிர்வெண்ணை வேண்டுமென்றே சற்று நடுங்கவிடுகின்றன என்பதால், அந்த நடுக்கத்தை நிறுத்தும் வசதி உண்டா என்று உணர்வி வேலைக்கு வாங்குவோர் கேட்டறிய வேண்டும். ஒரே இண்டியம் பாஸ்பைடு சிப்பில் கீற்றணிகளைப் பொறித்து, சூட்டுக்குப் பதில் மின்னோட்டத்தால் நகர்த்தும் வகையும் நெடுநாளாக உண்டு. சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாரி கோல்ட்ரென் குழுவில் உருவாகி, 1998இல் தொடங்கப்பட்ட அஜிலிட்டி கம்யூனிகேஷன்ஸ் வழியாகச் சந்தைக்கு வந்து, 2005இல் ஜேடிஎஸ் யூனிஃபேஸின் கைக்கு மாறிய அந்த வகை, நானோவினாடிகளில் அலைநீளம் மாறக்கூடியது. ஆனால் மின்துகள்களின் இரைச்சலால் வரியகலம் பெருத்துவிடும். குறிப்பிட்ட புள்ளிகளில் நின்று தரவை அனுப்புவது மட்டுமே வேலையெனில், நான் மதிப்பிடும் கலப்பு லேசருக்கு கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நீண்ட இழையில் அதிர்வு அல்லது ஒலி உணர்வோர், ஒத்திசைவு அளவீடு செய்வோர், நுண்ணலைச் சமிக்ஞையை ஒளியில் ஏற்றுவோர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நாங்கள் கொடுத்த விலை பழைய மேசை லேசரின் விலையில் பாதிக்கும் குறைவு. இந்த வேலையில் அதைவிட நன்றாக உழைக்கிறது. பட்டை முழுவதும் தாவாமல் வருடிச் செல்ல வேண்டியவர்களுக்கு இன்றைய நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் பழைய மோட்டார் லேசரும் இன்னும் தன் இடத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் எதிரொளிப்பு அளவீடு அதில்தான் நடக்கிறது.

களப் பயன்பாட்டுக்காக இதே வகையில் இரண்டாவது லேசர் ஒன்றை வாங்க இந்த மாதம் ஆணை அனுப்பியிருக்கிறோம். முதல் ஆணையில் இல்லாத மூன்று வரிகள் இம்முறை அதில் உள்ளன: ஐசொலேட்டர் உறைக்குள்ளேயே இருக்க வேண்டும்; வரியகலத்துக்கு ஓர் எண்ணை மட்டும் தராமல், 10 ஹெர்ட்ஸ் முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்த அதிர்வெண் இரைச்சல் வரைபடத்தை அனுப்ப வேண்டும்; சூடேற்றிகள் ஒன்றையொன்று பாதிக்கும் அளவுகளை, பட்டையின் இரு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து, அதே பிரதிக்கு உரிய அட்டவணையாகத் தர வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புதல் வந்துவிட்டது. மூன்றாவதற்காகக் காத்திருக்கிறோம்.